நாற்காலிக்கு உரியவர் நேரில் வரவும்

சக்கர நாற்காலி வண்டியா, வீட்டுச் சாமானா என்று முடிவு கட்ட சுங்க அலுவலகத்துக்கு ஒரு மழைக்காலம் போதவில்லை. வண்டி என்றால் எஞ்சின் எண் எங்கே என்றார்கள். சாமான் என்றால், பழைய சாமானுக்குப் பூச்சிமருந்து அடித்த சான்றிதழ் எங்கே என்றார்கள். யாரோ புண்ணியவான்கள் கடல் கடந்து இலவசமாக அனுப்பியதற்கு விலை போடச் சொன்னபோது கிளியரிங் ஏஜென்டுக்கே தலை சுற்றியது.

துறைமுகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கேட்பாஸ்’. எப்பேர்ப்பட்ட சரக்கையும் வாசல் தாண்ட வைத்துவிடுவார். சக்கர நாற்காலிகள் அடைத்து வந்த இந்த ஒரு கன்டெய்னர்தான் அவருக்குத் தண்ணி காட்டியது. இத்தனைக்கும் இது சொந்த வேலை. சரக்கு வந்திருப்பது நடக்க முடியாதவர்களுக்கான சங்கத்துக்கு; அதை நடத்துபவள் அவருடைய தங்கை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓட்டுச்சாவடி என்று சின்ன வயதிலிருந்து அவளை முதுகில் சுமந்தே பழகியவர். ஒரு நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றால், “எல்லாருக்கும் கிடைக்கட்டும், அப்புறம் எனக்கு” என்று ஒரே பிடியாக நிற்பாள். இப்போது அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் சரக்கை எடுக்காவிட்டால் ஏலம்.

கடைசியில் சுங்க அதிகாரி எங்கிருந்தோ ஒரு விதியைத் தோண்டி எடுத்தார்.

“நடக்க முடியாதவங்க நேர்ல வந்து வாங்கிக்கிட்டா வரி கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஆளுக்கு ஒண்ணு. வரச் சொல்லுங்க.”

“நடக்க முடியாதவங்க இவ்வளவு தூரம் எப்படி சார் வருவாங்க?”

“அது என் தலைவலி இல்லய்யா.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை அழுவாள் என்று நினைத்தார். அவளோ சிரித்தாள்.

“வரணும், அவ்வளவுதானேண்ணா?” என்றபடி போனை எடுத்தாள்.

ஏலத்துக்கு முந்தின நாள் காலையில் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டு துறைமுக வாசலில் நின்றார். வந்துகொண்டே இருந்தார்கள். தள்ளுவண்டியில், லாரி மூட்டைகளின் மேல், மகனின் தோளில், மனைவியின் இடுப்பில். தூக்க ஆளில்லாதவர்கள் உள்ளங்கைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு தரையோடு தரையாக நகர்ந்து வந்தார்கள். கிரேன் ஓட்டுபவர் தூக்கிய பெட்டியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஏஜென்ட் தலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். இத்தனை பேரும் இத்தனை நாளாக எந்த அறைக்குள் கிடந்தார்கள்?

கையெழுத்துப் போட மேஜை யாருக்கும் எட்டவில்லை. அதிகாரி கொஞ்சம் முழித்தார். பிறகு பேண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“முதல் ஆள் வாங்கம்மா” என்றார்.

கன்டெய்னர் காலியாகக் காலியாக, லாரிகள் போகிற அகலமான வாசல் வழியே நாற்காலிகள் உருண்டு போயின. தடுப்புக் கம்பத்தை உயர்த்திய காவலாளி அதை இறக்க மறந்தே போனார்.

தங்கை கடைசி ஆள். ஏஜென்ட் அவளை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

“அண்ணா, கையை எடு.”

“வழியில பள்ளம் இருக்கும்மா.”

“நான் பாத்துக்கறேன், விடு.”

விட்டார். சக்கரம் முதலில் கோணியது, அப்புறம் நேரானது. வாசலைத் தாண்டிப் போனாள். தங்கை தன்னைவிட்டுத் தள்ளிப் போவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. முதுகு லேசாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே குனிந்து நின்றார்.

தெருமுனையில் அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“மெதுவா வாண்ணா!” என்று கத்தினாள். “மூட்டு பத்திரம்!”