ஏணிக்காரியின் இடது கால்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வருவதாக மச்சான் சொல்லியிருந்தார். ஒன்றேகாலுக்கே பல்காரர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் சாம்பல் நிற அட்டையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாளும் ஊராருக்குப் பொய்ப்பல் செய்கிற விரல்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈறின் நிறம். கூட வேலை பார்க்கிறவர் விடுப்பில் போய் மூன்று வாரமாகிறது. அவர் செய்ய வேண்டிய பல்லும் இவர் தலையில்தான் விழுந்திருந்தது. பிடரியில் யாரோ ஈரச்சாக்கைப் போட்டதுபோல் இருந்தது. தூங்கி எழுந்தாலும் அது இறங்குவதாக இல்லை.

பல்காரர் என்பது மச்சான் வைத்த பெயர். மச்சான், மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் லிஃப்ட் குழிகளுக்குள் ஏறியும் இறங்கியும் வாழ்ந்தவர்.

ஆறு வருஷமாக இருவரும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடுகிறார்கள்; ஒரே கதை. விண்வெளியில் கைவிடப்பட்ட ஒரு நிலையம். நாற்பது மாடி. உச்சியில் தப்பிப்பதற்கு ஒரு ஓடம் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழு கீழிருந்து ஏறிப் போக வேண்டும். அசைகிற எதையும் குப்பை என்று நினைத்து அள்ளிக்கொண்டுபோகிற துப்புரவு இயந்திரங்கள் வழிநெடுக அலைகின்றன. பகடை விழுகிறபடி அவை நகரும். இருவரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி, பகடை. "நாப்பது மாடி, ஒரு லிஃப்ட் கூட ஓடாது, ஒருத்தனும் போன் பண்ணிக் கத்த மாட்டான். எனக்கு இதான் சொர்க்கம் மாப்ள" என்று மச்சான் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு வருஷத்தில் இருபத்து மூன்றாம் மாடிக்கு வந்திருந்தார்கள்.

கட்டைவிரல் உயரப் பொம்மைகள். கடையில் வாங்கியதை அப்படியே மேசையில் நிறுத்துவது இருவருக்கும் பிடிக்காது. ஒன்றின் கையை அறுத்து இன்னொன்றின் தோளில் ஒட்டி, இடைவெளியைக் காய்ந்தால் இறுகுகிற ஒரு மாவால் பூசி, மச்சான் கொண்டுவருகிற பழைய லிஃப்ட் கம்பியிலிருந்து ஒரு இழையை உருவி முதுகுப்பைக்கு வார் கட்டி, அதை வேறு ஆளாக மாற்றினால்தான் திருப்தி. வெட்டுவதும் ஒட்டுவதும் பல்காரர். கதையை நோட்டில் எழுதுவது மச்சான். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: பகடை சொன்னது பொம்மையில் தெரிய வேண்டும்.

அதனால்தான் குழுவின் சமையல்காரருக்கு ஒரு கண் இல்லை. டாக்டரின் கீழ்த்தாடை, பல்செட் செய்கிற பொருளில் பல்காரர் இழைத்துச் செய்தது. ஆட்டத்தில் யாருக்கு எது போனாலும் அடுத்த ஆட்டத்துக்குள் கத்தியை எடுத்தாக வேண்டும். வெட்டிய துண்டு உதிரி டப்பாவுக்குப் போகும். எப்போதாவது வேறு யாருக்காவது ஆகும்.

நான்கு மாதத்துக்கு முன்னால், இதே மேசையில், ஏணிக்காரி ஒரு இரும்புக் கதவின் கீழ் மாட்டிக்கொண்டாள். ஏணிக்காரி, மச்சானின் ஆள். எந்த மாடிக்கும் முதலில் ஏறுகிறவள். காயம் எவ்வளவு என்று பார்க்க மச்சான் இரண்டு பகடைகளை உருட்டினார். இரண்டிலும் ஒன்று. "போச்சுடா" என்று சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார்: இடது கால், முழங்காலுக்குக் கீழே. பொம்மையைப் பல்காரரிடம் கொடுத்தார். எங்கே வெட்டுவது என்று பல்காரர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தார். அன்றைக்கே மச்சான் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். வேலைக்குப் போடுகிற பூட்ஸ் கடித்த புண். சர்க்கரை உடம்பு. பதினோராவது நாள் மருத்துவமனை. முதலில் ஒரு விரல் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால்.

அந்த வாரம் மனைவி அலமாரியைத் துடைக்கும்போது பொம்மையைப் பார்த்தாள். பேனாக் கோட்டையும் பார்த்தாள். பிறகு, "இதை வெட்டாதீங்க" என்றாள்.

"நோட்டுல எழுதியிருக்கு."

"எழுதியிருந்தா? அண்ணன் இதைப் பாத்தா என்ன ஆவாரு? உங்க ரெண்டு பேரோட விளையாட்டு எனக்குப் புரியாது. ஆனா இது வேணாம்."

பல்காரருக்கு வாதாடத் தெம்பில்லை. பேனாக் கோட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். நோட்டை எடுத்தார். மச்சான் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். லிஃப்ட் குழிக்குள் அண்ணாந்து சுவரில் குறிக்கும்போது பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும், அந்தப் பழக்கம். ரப்பர் வைத்து அழித்தார். அழித்த இடத்தில் தானே எழுதினார்: இடது கால் சுளுக்கு, ஒரு ஆட்டம் ஓய்வு. எழுதி முடித்தபோது, யாருக்கோ நல்லது செய்ததுபோல்தான் இருந்தது.

இன்று மணி இரண்டு நாற்பதுக்கு வெளியே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தார். மச்சான் இரண்டு ஊன்றுகோல்களோடு லிஃப்டுக்குள்ளேயே நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது மாடியில கதவு உரசுது மாப்ள. யாரு பாக்குறா இதை?"

"யாரும் பாக்குறதில்ல போல மச்சான். வாங்க."

"ஆபீஸ்ல இப்ப என்னை போன் எடுக்குற இடத்துல உக்கார வெச்சிருக்காங்க. நீங்க போன் பண்ணுங்க, நான் எடுத்து, ஆள் வருவாங்கன்னு சொல்றேன். வர மாட்டாங்க."

மனைவி ஓடி வந்து கையைப் பிடிக்கப் போனாள். "விடும்மா, நான் என்ன பீரோவா" என்று மச்சான் தானாகவே வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். கால்சட்டையின் வலது கால் மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது. மூவரும் அதைப் பார்க்காமல் இருக்கிற வேலையைக் கொஞ்ச நேரம் செய்தார்கள்.

"நல்லா தேறிட்டீங்க அண்ணா" என்றாள் மனைவி.

"ஆமா, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார் மச்சான்.

அவள் தேநீர் போட உள்ளே போனாள். பல்காரர் சுவர்களையும் படிகளையும் அடுக்கினார். பிறகு ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துவைத்தார். சமையல்காரர், டாக்டர், இரட்டையர் இருவர். கடைசியாக ஏணிக்காரி. இரண்டு காலில் நின்றாள்.

மச்சான் அவளைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. கன்னத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு நோட்டை இழுத்து, கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தார். படித்தார்.

"சுளுக்கா?" என்றார்.

"ஆமா மச்சான்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை அந்த வரியின்மேல் வைத்து மெல்ல இழுத்தார். சுவரில் எழுதுகிற கை அழுத்தி எழுதும். ரப்பர் கரியை எடுக்குமே தவிர, பள்ளத்தை எடுக்காது. விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டுபோவதைப் பல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்காலுக்குக் கீழே" என்றார் மச்சான். கண்ணைத் திறந்தார். "ரெண்டு ஒண்ணு விழுந்துச்சு. என் கையால உருட்டினேன். அதுகூட மறந்துபோற அளவுக்கா எனக்கு மருந்து குடுத்தாங்க?"

"மச்சான், நான் என்ன நினைச்சேன்னா..."

"தெரியும். என்ன நினைச்சீங்கன்னு தெரியும்." குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு விரல்தான்னாரு. நாலு நாள் கழிச்சு, பாதத்தோட நின்னுடும்னாரு. ஆபீஸ்ல, உங்க இடம் அப்படியே இருக்குன்னாங்க. போனேன், என் டூல் பையை வேற ஒருத்தன் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான். வீட்டுல எல்லாம் ஒரே மூஞ்சி. பல்லைக் காட்டிக்கிட்டே ஒரு மூஞ்சி. நான் இன்னைக்கு இங்க ஏன் வந்தேன்? இந்த ஒரு மேசையிலதான் ஒண்ணு விழுந்தா அது ஒண்ணு." ஊன்றுகோலைத் தேடினார். "இங்கயும் அந்த மூஞ்சின்னா, நான் வீட்டுலயே உக்காந்து டிவி பாக்குறேன். ஒரு வண்டி கூப்பிடுங்க."

பல்காரர் எழுந்தார். கைப்பேசி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. வெட்டுகிற சாமான்கள் இருந்த தகரத் தட்டு கீழ்த்தட்டில். அலமாரியின் முன்னால் அவர் நின்ற நேரம் அவருக்கே நீளமாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் தான் சுமந்தது வேலைக் களைப்பு மட்டுமில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. ஒரு பொய்யைத் தினமும் தூக்கி நிறுத்திவைப்பதும் வேலைதான்.

குனிந்து தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மெல்லிய ரம்பத்தை எடுத்தார். ஏணிக்காரியை எடுத்து, துடைத்துவிட்ட கோட்டின் இடத்தை நகத்தால் தேடினார். ஒரு நாளைக்கு இருபது பல் இழைக்கிற கைக்கு அது உடனே அகப்படவில்லை.

மச்சான் ஊன்றுகோலை மறுபடி சுவரில் சாய்த்தார். "குடுங்க. நான் புடிக்கிறேன். நீங்க வெட்டுங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ரம்பம் போய்வர, வெள்ளைத் தூள் அட்டையில் உதிர்ந்தது. பாதி வெட்டும்போது மனைவி தேநீரோடு வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"ஆபரேஷன்" என்றார் மச்சான். "சொந்தக்காரங்க வெளிய உக்காருங்க."

அவள் சிரிக்கவில்லை. வெளியேயும் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் விழுந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் அதை விரல்நுனியில் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"உதிரி டப்பால போடுவோம். யாருக்காவது ஆகும்" என்றார் மச்சான். சொல்லிவிட்டு அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுதை என்ன பண்ணாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா மறுபடியும் அந்த மூஞ்சியைக் காட்டுவாங்க."

தேநீரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பல்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. அவர் சொல்ல வேண்டிய பதில் இல்லை அது.

"எரிச்சுட்டாங்க அண்ணா" என்றாள். "முதல்லயே கேட்டாங்க, எரிக்கிறதா, நீங்களே எடுத்துட்டுப் போறீங்களான்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன்."

மச்சானின் முகம் இறுகவும் இல்லை, இளகவும் இல்லை. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவனுக்கு உடனே நிமிர முடியாது, அப்படி உட்கார்ந்திருந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "நல்ல வேலை செஞ்ச. நான் எங்கயோ பாட்டில்ல போட்டு வெச்சிருக்காங்களோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பசங்க வந்து பாத்துட்டுப் போற மாதிரி."

"சீ, சும்மா இருங்க" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். சின்னக் காலை டப்பாவில் போட்டு மூடினாள்.

பல்காரர் வெட்டிய இடத்தை அரத்தால் இழைத்தார். "கம்பியில ஸ்பிரிங் மாதிரி ஒரு கால் செஞ்சு தரவா மச்சான்? முன்னைவிட வேகமா ஓடுவா."

"பாத்தீங்களா, மறுபடியும் ஆரம்பிக்கிறீங்க. ஊன்றுகோல் போதும். ஒண்ணே ஒண்ணு. அவ என்னைவிட வயசுல சின்னவ." கொஞ்சம் யோசித்தார். "அவளுக்கு இடது இல்ல, எனக்கு வலது இல்ல. ஒரு ஜோடி செருப்பு வாங்கினா ரெண்டு பேருக்கும் ஆச்சு."

பல்செட்டுக்குப் போடுகிற கம்பியை வளைத்து ஊன்றுகோல் செய்யக் கால் மணி நேரமானது. பசை காய்கிற நேரத்தில் மச்சான் ரப்பரை எடுத்து, பல்காரர் எழுதியதை அழித்தார். பழைய பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டி எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இனி அவளுக்கு ஒரு முறைக்கு ஆறு அங்குலம் இல்லை, மூன்று.

ஆட்டம் தொடங்கியது. இருபத்து மூன்றாம் மாடியின் கடைசிக் கூடம். எதிர்ச்சுவரில் மேலே போகிற படிக்கான கதவு. எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும். பின்னால் துப்புரவு இயந்திரங்கள் இரண்டு. மச்சான் அளவுகோலை வைத்து ஏணிக்காரியை மூன்று அங்குலம் நகர்த்தினார். மேசையில் அது ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

பல்காரரின் முறை. டாக்டரை எடுத்தார். ஏணிக்காரிக்குப் பக்கத்தில், அவளுடைய மூன்று அங்குலத்திலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"அந்தாளு ஏன் அங்க நிக்கிறாரு?" என்றார் மச்சான்.

"மூச்சு வாங்குது போல."

மச்சான் அவரையே பார்த்தார். பல்காரர் அந்தப் பார்வையைக் கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு டாக்டரை மறுபடி எடுத்தார்.

"ஆறு போங்க மாப்ள" என்றார் மச்சான். "கதவை யாராவது புடிச்சு வைக்கணும்ல."

பல்காரர் இன்னொரு மூன்று அங்குலம் அளந்து டாக்டரைக் கதவை நோக்கி வைத்தார். இயந்திரங்களுக்கான பகடையை மனைவியின் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், உருட்டினாள்.

நான்கு விழுந்தது. இயந்திரங்களை நான்கு அங்குலம் நகர்த்தினார்கள். மச்சான் அளவுகோலை எடுத்து ஏணிக்காரியின் ஊன்றுகோலுக்கு முன்னால் வைத்து, மூன்றை எண்ணினார்.