பழமலை நெட்வொர்க்

விருத்தகிரியும் அவன் மனைவி சுபாஷினியும் விருத்தாசலத்தில் பழமலை நெட்வொர்க் என்ற பெயரில் வீடுகளுக்கும் சிராமிக் யூனிட்டுகளுக்கும் இன்டர்நெட் கொடுத்துவந்தார்கள். கம்பம் ஏறி ஒயர் இழுப்பது அவன் வேலை. எல்லா இணைப்புகளையும் நடத்தும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அதில் ஓடிய மென்பொருள் வெளிநாட்டில் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டுவைத்தது.

போன மழைக்காலத்தில் அதிலிருந்த ஒரு ஓட்டை வழியாக எவனோ உள்ளே புகுந்துவிட்டான். அடிக்கடி நெட் நின்றது. மென்பொருளை எழுதியவர்களுக்குச் சுபாஷினி மெயில் மேல் மெயில் போட்டாள். ஒருவர் மட்டும் பதில் அனுப்பினார்: "நாங்கள் அதைக் கைவிட்டு நாளாகிறது. எனக்கே எல்லாம் மறந்துவிட்டது. வேறு எதற்காவது மாறிக்கொள்ளுங்கள்."

அவளே உட்கார்ந்து சரிசெய்யப் பார்த்தாள். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் கோளாறு வந்தது.

"அவங்க எழுதுன கோடு எல்லாம் தொறந்துதான் கெடக்குது. படிச்சா ஒண்ணும் புரிய மாட்டேங்குது" என்றாள் கணவனிடம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கம்பெனி ஒன்று ஊருக்குள் ஃபைபர் கேபிள் இழுத்தது. முதல் சில மாதம் இலவசம். ஆட்கள் கொத்துக் கொத்தாக மாறினார்கள்.

சிராமிக் யூனிட்டில் பொம்மைக்கு வண்ணம் தீட்டப் போகும் மாரியம்மாள், இவர்கள் கொடுத்த இன்டர்நெட் பெட்டியைத் திருப்பித் தர வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத பாப்பா. மஸ்கட்லேர்ந்து எம் மவன் ராஜ்மோகன் பேசுனா அவன் மொகம் அப்படியே நின்னுபூடுது."

"புதுசு மாட்டிட்டாங்களாக்கா?"

"மாட்டிட்டாங்க. போன்ல எப்படிப் புடிக்கறதுன்னு சொல்லாமப் போயிட்டானுவ."

சுபாஷினி அவளோடு வீட்டுக்குப் போய்ப் போனில் இணைத்துக் கொடுத்தாள். ராஜ்மோகன் முகம் பளிச்சென்று தெரிந்தது. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவளையும் கேட்டான். "இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வாரமே விருத்தகிரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். "புது கம்பெனி காண்ட்ராக்டரு லைன் வேலைக்குக் கூப்புடறாரு. மொதல்ல கம்பத்துல நம்ம ஒயர கழட்டணுமாம்."

"வேற ஆளு வந்தா அறுத்துத் தள்ளிடுவான். நீங்களே போங்க."

அவன் சாப்பிட்டு முடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் ஜங்ஷன் ரோட்டிலிருந்து போன் செய்தான். "கழட்டப் போறேன். ஆஃப் பண்ணிடு."

சுபாஷினி கம்ப்யூட்டரை நிறுத்தினாள். இன்னும் சில வீடுகள் அதில்தான் இருந்தன. நெட் வரவில்லை என்று கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பொழுது சாயும்வரை யாரும் கூப்பிடவில்லை.