அம்மாவின் ஹம்மிங்

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இருந்த வீட்டில் ஆம்ப்ரோஸிடம் இரண்டு கேசட் ரிக்கார்டர்கள் இருந்தன. ஓர் அமெரிக்க இசைத்தட்டிலிருந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சிறு துண்டை எடுத்து, திரும்பத் திரும்பப் பதிவு செய்து நீண்ட தாளமாக்கினான். அதன்மேல் அம்மாவின் குரலைச் சேர்த்தான்.

அம்மா அருள்ஜோதி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. பழைய பயிற்சிக் கேசட் ஒன்றில் அவர் வார்த்தையில்லாமல் ஹம்மிங் செய்த இடத்தை ஆம்ப்ரோஸ் எடுத்திருந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கேசட்டை அவர் தொடவே இல்லை என்பதால், அவரிடம் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போன அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டார். அவரை வாசலில் கண்டதும் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவன் பட்டென்று நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"சாரிம்மா. கேக்காம உங்க வாய்ஸ எடுத்துட்டேன்."

"போடு."

போட்டான். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைசிவரை நின்று கேட்டார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடுவுல நான் மூச்சு வாங்குறது கேக்குது," என்றார்.

"வேணாம்னா வெட்டிடறேன்மா."

"வெட்டாதே லா. மூச்சு வாங்காம யாரு பாடுவா? இன்னொரு தடவ போடு, சத்தமா வை."

பல வாரங்களாக அவனுக்குள் இருந்த குற்ற உணர்வு இறங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டிவிட்டு, அம்மாவின் கையிலிருந்த மீன் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.