லோதாருக்கு இருபது நிமிடம்

டெஸ்மண்ட் தாக்ரே பிரான்சில் இருக்கும் நார்மண்டிக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்பது அவன் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். தபால்காரர் அவன் வாசலில் சாத்திவிட்டுப் போன நீளக் குழாய்க்குள் வரைபடத்தைத் தவிர வேறென்ன இருக்கும்? நான் ஒன்றும் திரையை விலக்கிப் பார்க்கிறவள் இல்லை. எங்கள் வீட்டு வலைத்திரையில் விலக்காமலே எல்லாம் தெரியும்.

டெஸ்மண்ட் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பத்து வருஷம் கழித்துப் பிறந்தவன். ஆனால் அவன் பேச்சைக் கேட்டால், நம் படை இறங்கிய அந்த நார்மண்டிக் கடற்கரையில் முதலில் காலை வைத்ததே அவன்தான் என்று தோன்றும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர் மண்டபத்தில் கூட்டம். டீ, சாசேஜ் ரோல், பெரில் செய்த எலுமிச்சை கேக். சுவரில் வரைபடம், அதில் சிவப்புத் தலை ஊசிகள்.

"நமக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், அதனால எல்லாமே இங்கிலீஷ்ல," என்றான் டெஸ்மண்ட். "வழிகாட்டி நம்ம ஊர்க்காரன். ஓட்டல்ல காலையில பன்றி இறைச்சியும் முட்டையும் உண்டு. பிரெஞ்சுக்காரன் புரியாத மாதிரி நடிப்பான். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, புரிஞ்சிடும்."

கடற்கரைகள், பதுங்குகுழிகள், நம் பையன்களின் கல்லறைத் தோட்டம், ஒரு அருங்காட்சியகம், ஆப்பிள் சாராயம் காய்ச்சும் பண்ணை. பண்ணைக்கு மட்டும் இரண்டு மணி நேரம்.

அப்போதுதான் ஹேசல் எழுந்தாள். ஹேசல் என் எதிர்வீட்டுக்காரி. அவள் அப்பா எர்ஹார்ட் ஜெர்மன்காரர். பத்தொன்பது வயதில் நார்மண்டியில் பிடிபட்டு, எங்கள் லிங்கன்ஷயர் வயல்களில் பீட்ரூட் பிடுங்கக் கைதியாகக் கொண்டுவரப்பட்டவர். மற்றவர்கள் ஊர் திரும்பியபோது இவர் மட்டும் திரும்பவில்லை. இங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அறுபது வருஷம் இங்கே உழைத்தார், கடைசி வரை ஊருக்கு அவர் 'ஜெர்மன் எர்னி'தான். ஒவ்வொரு நவம்பரிலும், போரில் செத்தவர்களை ஊரே நினைக்கும் நாளில், சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொண்டு, நினைவுத்தூணுக்கு எதிரே கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பார். அவர் தம்பி லோதார் பதினேழு வயதில் அதே நார்மண்டியில் செத்துப்போனான். போய்ப் பார்த்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே மனுஷன் தம்பியின் கல்லறையைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்.

"லோதார் சித்தப்பா கிடக்கற ஜெர்மன் கல்லறைத் தோட்டம் ரோட்டோரத்துலயே இருக்கு," என்றாள் ஹேசல். "நம்ம பஸ் அதைத் தாண்டித்தான் போகுது. இருபது நிமிஷம் நிறுத்தினா போதும். எங்கப்பா கடைசியில என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"நேரம் இல்லம்மா."

"சாராயத்துக்கு ரெண்டு மணி நேரம் இருக்கே?"

"அது அந்த ஊர்ப் பண்பாடு," என்றான் டெஸ்மண்ட். நாலு பேர் சிரித்தார்கள்.

பெரில் கேக் வெட்டுவதை நிறுத்தினாள். "எங்க மாமா அந்தக் கடற்கரையில செத்தாரு, ஹேசல். நான் எப்படி அங்க போய் இறங்குவேன்?"

"நீ இறங்க வேணாம் பெரில். பஸ்ஸுலயே உட்கார்ந்திரு. உங்க மாமா கல்லறைக்கு நான் வருவேன், தலை குனிஞ்சு நிப்பேன். எங்கப்பா நிக்கலையா வருஷா வருஷம்?"

பெரில் மறுபடி கேக்கை வெட்டத் தொடங்கினாள். டெஸ்மண்டுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஜெர்மன்காரனுக்கு மாலை போட நான் பஸ் பிடிக்கல," என்றான்.

ஹேசலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"அப்படியா? வருஷா வருஷம் பழைய ரயில் ஸ்டேஷன்ல நடக்கற சண்டைக்கால வேஷத் திருவிழாவுல ஜெர்மன் அதிகாரி உடுப்பு மாட்டிக்கிட்டு, பல்லை இளிச்சு போட்டோவுக்கு நிக்கறது யாரு? பூட்ஸுக்கு ஒரு வாரம் பாலீஷ் போடறது யாரு டெஸ்மண்ட்? நானா?"

"அது வரலாறு," என்றான் அவன், காது சிவந்து. "யாராவது ஒருத்தர் அந்தப் பக்கமும் வேஷம் கட்டணும்ல?"

"உனக்கு வேஷம். சாயங்காலம் கழட்டி மாட்டிட்டு பீர் குடிக்கப் போயிடுவே. அந்தப் பையன் அதைப் போட்டுக்கிட்டே மண்ணுக்குள்ள கிடக்கறான். போடமாட்டேன்னு சொல்ல அவனை யாரு விட்டாங்க? உடுப்பு மட்டும் வேணும், உள்ள இருந்த பையன் வேணாமா உனக்கு?"

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓட்டுக்கு விட்டுடுவோம்," என்றான். நியாயம் கைவசம் இல்லாதவர்களுக்கு எங்கள் ஊரில் ஓட்டு எப்போதும் கைகொடுக்கும்.

நான் கையைத் தூக்கினேன். பாதிரியார் மனைவி தூக்கினாள். தள்ளித்தள்ளி இன்னும் இரண்டு கை. பிறகு எல்லாரும் கிளிஃபைப் பார்த்தார்கள். கிளிஃப் ஹேசலின் புருஷன். டெஸ்மண்டோடு வெள்ளிக்கிழமை தோறும் பீர்க் கடையில் பலகையில் அம்பு எறிந்து விளையாடும் கூட்டாளி. அவன் தன் தட்டில் இருந்த சாசேஜ் ரோலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

அவன் கையையும் சேர்த்தாலும் தோற்றுத்தான் இருப்போம். எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான். ஒரு பிரயோஜனமும் இல்லாத கையைக்கூட அவன் அவளுக்காகத் தூக்கவில்லை.

அன்று அவர்கள் வீட்டுச் சண்டையைக் கேட்க நான் சிரமப்படவே இல்லை. தெருவுக்கே கேட்டது.

"தோத்துடும்னு தெரியும். எதுக்கு வீணா எல்லார்கிட்டயும் கெட்ட பேரு?"

"எங்கப்பா உனக்கு வீடு கட்ட மண் சுமந்தாரே, அப்ப கெட்ட பேரு வரலையா?"

மே மாதம், டெஸ்மண்டின் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, ஹேசல் கார் டிக்கியைத் திறந்து பெட்டியை ஏற்றினாள். சர்க்கரை கேட்கிற சாக்கில் கோப்பையோடு ஓடினேன்.

"கப்பல்ல தனியாவா? அந்த ஊர் பாஷை உனக்கு ஒரு வார்த்தை தெரியாதே?"

"எங்கப்பாவை இங்க கொண்டுவந்து இறக்கினப்போ அவருக்கு நம்ம பாஷை என்ன தெரியும், டோரீன்? பீட்ரூட் பிடுங்கலையா?"

அதற்குள் கிளிஃப் வீட்டுச் செருப்போடு, அவசரமாகத் திணித்த பையோடு வெளியே வந்தான். "நானும் வரேன்."

"உனக்குத்தான் அந்த பஸ்ஸுல இடம் இருக்கே."

"ஹேசல், போதும். இதோ பாரு." நடுத்தெருவில் நின்று வலது கையை உயர்த்தினான். காதெல்லாம் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. எதிர்ப்புறம் டெஸ்மண்ட் காரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

ஹேசல் டிக்கியை அறைந்து சாத்தினாள்.

"இப்ப ஓட்டை யாரு எண்ணறாங்க, கிளிஃப்?"

ஏறினாள், கிளம்பினாள். கார் முனையில் திரும்பும் வரை கிளிஃப் கையை இறக்கவில்லை. பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவன் போல ஜேபியில் போட்டுக்கொண்டான்.

"விடுடா, வந்துடுவா," என்றான் டெஸ்மண்ட், ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினான். "ஒரு சீட்டு காலி ஆச்சு டோரீன். ஜன்னலோரம். உனக்குத்தான் எட்டிப் பார்க்கப் பிடிக்குமே?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பெரில் வீட்டு அடுக்களை வரை அது கேட்டதாம். அவளே வந்து சொன்னாள்; அந்த வார்த்தையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டாள்.