நாற்பத்தேழாம் சாறு

அவளுக்கு இலைகளோடுதான் வேலை. காயவைத்துப் பொடித்து, எரிசாராயத்தில் ஊறப்போட்டு, வடிகட்டிச் சாறெடுத்து எண் போடுவாள். பிறகு ஆய்வகத் தட்டில் எச்.ஐ.வி. கிருமி ஏற்றிய ரத்த அணுக்களின் மேல் ஒவ்வொரு சாறாக விட்டு, கிருமி பெருகுகிறதா அடங்குகிறதா என்று பார்ப்பாள். ஆறு வருடத்தில் நாற்பத்தாறு செடிகள் கைவிரித்துவிட்டன. நாற்பத்தேழாவது, வேலியோரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் ஒரு செடி. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பறிக்கப் போய்விடுவார்கள்.

அந்தச் சாறு பட்டதும் பத்தில் ஒன்பது பங்கு கிருமி அடங்கியது. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான்.

அன்று மாலை கால் தரையில் பாவாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் லாரி மெக்கானிக். மூக்குக்கண்ணாடி போட்ட இவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அந்தக் கிருமி இருப்பது பதினொரு வருடமாக அவருக்கும் அண்ணிக்கும் இவளுக்கும் மட்டுமே தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கிவரும் மாத்திரையை நட்டு போல்ட் டப்பாவில் ஒளித்துவைத்து, தினம் படுக்கும்முன் போட்டுக்கொள்வார். போட்டால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும். மற்றபடி ஆள் இரும்பு மாதிரி இருந்தார். இவள் இந்த ஆய்வகத்தில் சேர்ந்ததே அவரை நினைத்துத்தான்.

விஷயத்தைச் சொன்னதும், எந்தச் செடி என்று கேட்டார். வாய் நிறையச் சிரிப்போடு சொல்லிவிட்டாள். நம்ம பட்டறைக்குப் பின்னாடி காடு மாதிரி கிடக்குதே, அதுவா, என்று அவரும் சிரித்தார். அண்ணி இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

ஒரு மாதம் கழித்து அடுத்தகட்டச் சோதனை முடிந்தது. அந்த இலையில் துவர்ப்பு அதிகம். துவர்ப்புச் சத்து, இது கிருமி, இது நல்ல அணு என்று பார்க்காமல் எதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டுச் சாற்றை விட்டபோது கிருமி தன் பாட்டுக்குப் பெருகியது. நீக்காமல் அளவைக் கூட்டியபோது கிருமியோடு அணுக்களும் செத்தன. நாற்பத்தேழும் போயிற்று. ஆனால் அதற்குள் ஆய்வகத் தலைவர் முதல் சோதனையின் முடிவைப் பற்றி ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார்.

இதைச் சொல்ல அவள் போனபோது, அண்ணன் வீட்டு அடுப்பில் அந்த இலை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

அண்ணன் முகம் தெளிந்திருந்தது. தலைசுற்றல் இல்லை, கனவு இல்லை, பதினொரு வருடத்தில் இப்போதுதான் மனுஷன் மாதிரி தூங்குகிறேன் என்றார். அவள் சோதனைத் தாள்களை விரித்துக் காட்டினாள். அவர் பத்திரிகையை விரித்துக் காட்டினார்.

"ஏய் கண்ணாடி, அன்னைக்கு நீ சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"ரெண்டும் உண்மைண்ணா. அது தட்டுல நடந்தது. நீங்க ஆளு."

"நான் நல்லாத்தானே இருக்கேன். பாத்தா தெரியலையா?"

தெரிந்தது. உடம்பு நன்றாக இருப்பது இத்தனை நாள் தின்ற மாத்திரையால் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி அழுது பார்த்தாள். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்தும் பார்த்தாள். கசப்பில் கண்டுபிடித்துவிட்டு, அவர் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். இவள் ஆய்வகத் தலைவரிடம் போய் மறுப்பு எழுதச் சொன்னாள். பேட்டியில் தப்பாக ஒரு வார்த்தை இல்லையே, 'ஆய்வகச் சோதனையில்' என்றுதானே போட்டிருக்கிறார்கள் என்றார் அவர். பத்திரிகைக்கே போன் போட்டாள். ஒரு செடி பலிக்கவில்லை என்பதைச் செய்தியாகப் போடமாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

மாத்திரையை நிறுத்திய ஒன்பதாவது மாதம் அண்ணனுக்குத் தலைவலி வந்தது. பத்து நாள் விடாமல் வலித்து, கழுத்து விறைத்து, பட்டறையிலேயே விழுந்தார். மூளை உறையில் பூஞ்சை என்றார் டாக்டர். மாத்திரை போடுகிறவர்களுக்கு இது அநேகமாக வராதே என்று அவளைப் பார்த்தார். அவள் இலையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆறாம் நாள் கொஞ்சம் நினைவு வந்தபோது அண்ணன் அவள் கையைப் பிடித்தார்.

"மாத்திரை வரிசையில எனக்கு முன்னாடி நிப்பாங்களே, ஒரு அம்மாவும் அவங்க மகளும். ஒரு தடவை வரிசைக்கே போய் அவங்களுக்கும் இலை குடுத்தேன். போய்ச் சொல்லிடு."

"யாருண்ணா அவங்க? வீடு எங்க?"

"அங்க யாரும் யார்கிட்டயும் பேரு கேக்கமாட்டோம்மா."

பதினோராம் நாள் அவர் போய்விட்டார். அண்ணி அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மாத்திரை கொடுக்கும் நாட்களில் இப்போது அவள் ஆய்வகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வரிசை நெடுக நடந்து, அம்மாவும் மகளுமாக நிற்கிறவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்தி, யாராவது உங்களுக்கு இலை கொடுத்தார்களா என்று கேட்கிறாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர், இல்லைங்க, எந்த இலை, எங்கே கிடைக்கும், என்று ஆவலாகக் கேட்கிறார்கள்.

மூன்றாவது மாதம், மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண் அவளைக் கூப்பிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த மாத்திரை டப்பாவைக் கீழே வைத்தாள்.

"மாத்திரைய நிறுத்தினவங்க இந்த வரிசைக்கு வரமாட்டாங்களேம்மா" என்றாள்.

அது அவளுக்கும் தெரியும். வேறு எங்கே போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.