ஏழாவது ஜன்னல்

புதுத் தோட்டக்காரனுக்கு மூன்று மாத சோதனைக் காலம். வேலை பிடித்துப்போனால்தான் மாளிகையின் முதலாளியம்மா அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து இறங்குவார் என்று, அங்கே வீடு துடைக்கும் அவன் அண்ணி சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாளே, மாடியின் வலது கோடி ஜன்னலில், பாதி இழுத்த திரைக்குப் பின்னால் ஒரு அம்மா நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அம்மா வந்துட்டாங்க போல. மேலேருந்து பாக்கறாங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆமா தம்பி. ரொம்பக் கவனமானவங்க. கண்ணைக்கூட சிமிட்ட மாட்டாங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த ஜன்னலுக்கு ஒரு வணக்கம். அதன் கீழிருந்த பாத்திக்கு ராஜ உபசாரம். களை என்று ஒன்று தலைகாட்ட முடியாது. மற்றப் பாத்திகள் எல்லாம் ஏனோதானோ.

மூன்றாம் மாதக் கடைசியில் வாசலில் கார் வந்து நின்றது. வேறொரு அம்மா இறங்கினார்.

"இவங்க யாரு அண்ணி?"

"முதலாளியம்மா."

"அப்ப மேல நிக்கறவங்க?"

"பெயிண்ட்."

அவன் மறுபடி மேலே பார்த்தான்.

"அந்தச் சுவருக்குப் பின்னாடி மாடிப்படி, தம்பி. ஜன்னல் வைக்க இடமில்லை. இடது பக்கம் ஏழு இருக்கே, வலது பக்கமும் ஏழு வேணாமா? அந்தக் காலத்துல ஒண்ணை வரைஞ்சுட்டாங்க. ஜன்னல் சும்மா கிடக்க வேணாம்னு ஒரு அம்மாவையும் நிறுத்திட்டாங்க."

"மூணு மாசமா சொல்லலையே."

"நீங்க குனிஞ்சு வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு நிறைவா இருந்துச்சு."

முதலாளியம்மா தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என் அறை இடது பக்கம். அதுக்குக் கீழ ரோஜாச் செடியில முள்ளு மட்டும்தான் இருக்கு. ஜன்னலே இல்லாத இடத்துல இவ்வளவு பூ. என்ன கணக்கு இது?"

போச்சு வேலை என்று அவனுக்குத் தோன்றியது. பொய் சொல்லவும் வரவில்லை. "அந்தம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. உக்கார மனசு வரலைங்க."

"வணக்கமும் வெச்சீங்களோ?"

"தினமும்."

முதலாளியம்மா பூக்களைப் பார்த்தார், மேலே பார்த்தார். சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. "வேலை உங்களுக்குத்தான். நாளையிலேருந்து இடது பக்கம். நானும் நின்னு பாக்கறேன்."

மறுநாள் காலை இடது பக்க ஜன்னலில், பாதித் திரைக்குப் பின்னால் ஒரு அம்மா அசையாமல் நின்றார். தோட்டக்காரன் மண்வெட்டியை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நன்றாக உற்றுப் பார்த்தான். ஒருமுறை ஏமாந்தது போதும். வணக்கம் வைப்பதாக இல்லை.

அம்மா தும்மினார்.