மீன்தொட்டி மருந்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டின் சின்ன மருமகள் வாணலியில் சமையல் சோடாவை வறுத்துக்கொண்டிருந்தாள். பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிறவள், கை பதமாகத்தான் கிளறியது. மாவு புசுபுசுவென்று பொங்கிக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்கினால் சலவைச் சோடா ஆகிவிட்டது என்று அர்த்தம். கடையில் அது இல்லையென்றதும் சும்மா இருக்கிற ஆளில்லை அவள்.

பழைய சாமான் கடையில் வாங்கிய கேமராவில் முதல் கறுப்பு வெள்ளை ஃபிலிமை எடுத்து முடித்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார். "வெளியூருக்கு அனுப்பணும்மா, எப்ப வரும்னு சொல்ல முடியாது." அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கெங்கோ தேடிப் படித்து, ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம் என்று கண்டுபிடித்தாள். வறுத்த சோடா, வைட்டமின் சி மாத்திரைத் தூள், இன்ஸ்டன்ட் காபி, அவ்வளவுதான். நாற்றம் மட்டும் குடலைப் பிடுங்கியது.

குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கும்மிருட்டில் தடவித் தடவி ஃபிலிமைச் சுற்றி, வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பிறகு விளக்கைப் போட்டு, மூடியின் புனல் வழியாகக் காபி மருந்தை ஊற்றி ஆட்டினாள். படம் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மருந்தைக் கொட்டி, தண்ணீர் விட்டு அலசினாள்.

இனி படத்தை நிலைக்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் டப்பாவைத் திறந்தால் எல்லாம் போச்சு. அதற்கு ஸ்டுடியோவில் போடும் ஹைப்போ மருந்து இல்லாவிட்டாலும் கெட்டியான உப்புத் தண்ணீர் போதும் என்று படித்திருந்தாள். உப்பு ஜாடியைத் திறந்தால் அடி தெரிந்தது.

மாடிக்கு ஓடினாள். அங்கே ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சண்டையெல்லாம் இல்லை. பேச்சுதான் அளவோடு.

"அக்கா, உப்பு இருக்கா? ஒரு கிலோ வேணும்."

"ஒரு கிலோவா? யாரை ஊறுகாய் போடப் போறே?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். உப்பில் போட்டால் நாளை வரை ஊறவேண்டும் என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

பெரியவள் மடிப்பதை நிறுத்தினாள். "ஹைப்போன்னியே, அது தயோசல்பேட்தானே?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படி..."

"எங்க கலர் மீன் கடையில மூட்டையா கிடக்கு. குழாய்த் தண்ணியில குளோரின் போறதுக்குத் தொட்டியில அதைத்தான் போடுவோம். இரு, வரேன்."

தெருமுனைக் கடைக்கு வீட்டுச் செருப்போடு போய், கற்கண்டு மாதிரி கட்டிகள் நிறைந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெந்நீரில் போட்டுக் கலக்கக் கலக்க, பாத்திரம் ஜில்லென்று ஆகிவிட்டது. "பார்த்தியா, வெந்நீரையே குளிர வச்சிடுச்சு" என்று பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்துப் பாத்திரத்தின் மேல் வைத்தாள்.

ஆனால் இது ஃபிலிமுக்கு வேலை செய்யுமா? சுற்றும்போது வெட்டிப் போட்ட நுனித் துண்டு குப்பையில் கிடந்தது. சின்னவள் அதில் கொஞ்சம் கத்தரித்துப் பாத்திரத்தில் போட்டாள். இரண்டு தலையும் பாத்திரத்தின் மேல் கவிழ்ந்தன. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டின் மேல் பூசியிருந்த பால் நிறம் ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்தது. துண்டின் வழியாகப் பாத்திரத்தின் அடி தெரிந்தது.

"தெரியுதுடி" என்றாள் பெரியவள், ரகசியம் பேசுகிற குரலில். அவள் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே கவனிக்கவில்லை.

டப்பாவில் ஊற்றி, மாற்றி மாற்றி ஆட்டினார்கள். சின்னவள் திறந்து ஃபிலிமை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தாள். முதல் சில கட்டங்கள் வெறுமை. அடுத்து பேருந்து நிறுத்தம், பேக்கரி மாஸ்டர், ஜன்னலில் ஒரு பூனை. அதற்கப்புறம் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு ஆள்.

"ஐயோ, எங்க வீட்டுக்காரரா இது? முடியெல்லாம் வெள்ளையா இருக்கே."

"நெகட்டிவ்ல எல்லாம் மாறித்தான் தெரியும்க்கா. மச்சான் அசந்து தூங்கினார், மனசு கேக்கல, எடுத்துட்டேன்."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதைப் பெருசா போட முடியுமா? அதுக்கு என்ன மருந்து வேணும்? எங்க கடையில இன்னும் என்னென்னவோ இருக்கு."

குளியலறைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு ஃபிலிமைத் தொங்கவிட்டபோது, கதவைத் தட்டினார் அந்தத் தூங்குமூஞ்சிக்காரர். "யாரு உள்ள? எவ்வளவு நேரம்?"

"மாடியில போங்க" என்றாள் பெரியவள், ஃபிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க தூசி கிளப்பக் கூடாது."